பணக்கார நாட்டுக்குப் படை வருமா?

கானாடுகாத்தானில் எங்களுக்கு நெருங்கிய ஒரு வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். பேரன் அபுதாபிக்கு வேலைக்குப் போகிறான். வளவில் பாய் விரித்து, சீப்புச் சீடையும் மாவுருண்டையும் டப்பாக்களில் அடைத்து, விமானத்தில் எத்தனை கிலோ விடுவார்கள் என்று எடை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஆச்சிக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. அவர் பலகாரத்தைப் பார்க்கவில்லை. பேரனைப் பார்த்து, "அந்த ஊர்ல சண்டை கிண்டை வராதுல்ல?" என்று கேட்டார்.

"அது பணக்கார நாடு அப்பத்தா. அங்கெல்லாம் எவனும் வர மாட்டான்."

"ரங்கூனையும் அப்படித்தான்டா சொன்னாக."

பேரன் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தான். எனக்குத்தான் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. ஒரு நாட்டின் செல்வம் அதைப் படையெடுப்பிலிருந்து காக்குமா? குண்டு வைக்கிறவனிடமிருந்து காக்குமா? செட்டிநாட்டில் இருந்துகொண்டு இதற்குப் பதில் தேடுவதில் ஒரு வசதி உண்டு. இரண்டையும் அனுபவித்தவர்கள் தெருவுக்கு நாலு பேராவது இருக்கிறார்கள்.

அன்றைய பர்மாவின் (இன்றைய மியான்மர்) தலைநகரான ரங்கூனிலிருந்தே தொடங்குகிறேன். இங்கே வீடு பார்க்க வருகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூண்களைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்தத் தேக்கு எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். எப்படி நின்றுபோனது என்று கேட்பதில்லை. 1930 வாக்கில் பர்மாவில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கடைகள் சுமார் 1,650 இருந்தன. கடை என்றால் சாமான் விற்கிற கடை இல்லை, வட்டிக்கடை. அவற்றில் புழங்கிய பணம் 75 கோடி ரூபாய் என்று அந்தக் காலத்து வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. ஐராவதி டெல்டாவில் காடு வெட்டி நெல் போட்ட விவசாயிக்குக் கடன் போனது பெரும்பாலும் இந்தக் கடைகளிலிருந்துதான். அப்புறம் உலகமெங்கும் மந்தம் வந்தது, நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1937இல் 25 சதவீதம் ஆகிவிட்டது.

இதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் நம் பக்கம் உண்டு. எனக்கு அதில் பெருமை இல்லை. நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு அது ஆறாத காயம். பின்னால் அந்தக் கோபம் நம் மேல் திரும்பியதில் நியாயமே இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. இங்கே நான் சுட்டிக்காட்ட வருவது வேறொன்று. உண்டியல் (பணமாற்றுச் சீட்டு) எழுதி ஊருக்கு அனுப்பக்கூடிய பணமாக இருந்த சொத்து, ஏழெட்டு வருடத்தில் அசைக்க முடியாத மண்ணாக மாறிவிட்டது. படை வந்தபோது அது மண்ணாகத்தான் இருந்தது.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு போட்டன. 1942 மார்ச் 8இல் நகரம் விழுந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் நடந்தார்கள். அரக்கான் மலை தாண்டி ஒரு கூட்டம், மணிப்பூர் வழியாக இன்னொரு கூட்டம். பர்மாவை விட்டு வெளியேறிய இந்தியர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் பல்லாயிரம். கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழிலுக்கு, போனவர்கள் மட்டுமில்லை, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும், ரிக்‌ஷா இழுத்தவர்களும், துப்புரவுத் தொழிலாளர்களும் அதில் இருந்தார்கள். அதிகம் செத்தது அவர்கள்தான்.

ஆச்சியின் அப்பச்சி (அப்பா) நடந்து வந்தவர். ஆச்சி அதைச் சொல்லும்போது கதை போல விரித்துச் சொல்ல மாட்டார். ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லி நிறுத்துவார். "கால்ல சாக்கைக் கிழிச்சுக் கட்டியிருந்தாக. இடுப்புல ஒரு சாவி. இரும்புப்பெட்டிச் சாவி. பெட்டி ரங்கூன்ல." அந்தச் சாவி இன்னும் அவர்கள் வீட்டில் இருக்கிறது. நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கை நீளம், நல்ல கனம், பல் தேயவே இல்லை. அதோடு மெழுகுத்துணியில் சுற்றிய சில பத்திரங்கள், வட்ட வட்டமான பர்மிய எழுத்தில். நிலம் எந்த ஆற்றோரம் என்று வாசித்துச் சொல்ல இப்போது அந்த வீட்டில் யாருமில்லை. 1948இல் பர்மா சுதந்திரம் பெற்று நிலத்தை நாட்டுடைமை ஆக்கச் சட்டம் போட்டது. 1962இல் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தார், வங்கியும் கடையும் போயின. மிச்சமிருந்த நம்பிக்கையும் அதோடு சரி. ஆச்சி வீட்டுக்கு ஒரு காசு திரும்பவில்லை.

ரங்கூனை யார் காத்தார்கள்? பிரிட்டிஷ் சாம்ராஜ்யம். அன்றைய உலகின் பெரிய பணக்காரர்களில் ஒருவன். அவனுடைய கடற்படைக்கு இந்தப் பக்கம் எதிரியே இல்லை என்று எல்லோரும் நம்பினார்கள். 1941 டிசம்பர் 10 அன்று மலாயா கடலில் அவனுடைய இரண்டு பெரிய போர்க்கப்பல்களை ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்தன. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தபோது, தங்களைவிட எண்ணிக்கையில் குறைந்த படையிடம் 80,000க்கும் மேற்பட்ட வீரர்கள் ஆயுதத்தைக் கீழே போட்டார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் விற்கிற கடைகளில் கேட்டுப் பாருங்கள், ஜப்பான்காரன் மலாயாவில் அச்சடித்த பத்து டாலர் நோட்டு எடுத்துக் காட்டுவார்கள். வாழைமரப் படம் போட்டது. பெரும்பாலான நோட்டுகளில் வரிசை எண் கிடையாது, எழுத்து மட்டும்தான். எத்தனை அடித்தான் என்று அவனுக்கே கணக்கில்லை. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நகரத்தார் தொழில் செய்த கிட்டங்கிகளில் பெட்டியடியில் உட்கார்ந்து மூன்று வருடக் கணக்கைக் காசு பிசகாமல் எழுதியவர்கள் கையில், போர் முடிந்தபோது இருந்தது இந்தக் காகிதம்.

சரி, இது எண்பது வருடத்துக்கு முந்திய கதை. உலகம் மாறிவிட்டதே என்று கேட்கலாம். மாறியிருக்கிறது, நிஜமாகவே மாறியிருக்கிறது. 1945இல் எழுதப்பட்ட ஐ.நா. சாசனம் பிறர் நிலத்தைப் பலத்தால் பிடிக்கக் கூடாது என்கிறது. அதை மீறியவர்கள் உண்டு. ஆனாலும் அதற்கு முந்திய நூற்றாண்டுகளைப் போல சில வருடத்துக்கொரு தேசம் வரைபடத்திலிருந்து காணாமல் போவதில்லை. இதற்குச் சட்டம் மட்டும் காரணமில்லை. செல்வத்தின் குணமே மாறிவிட்டது. நெல் வயலைப் பிடித்தால் அறுவடை பிடித்தவனுக்கு. தைவானில் இருக்கிற சிப் ஆலையைப் பிடித்தால்? உலகின் மிக நுணுக்கமான சிப்களில் பத்தில் ஒன்பது அங்கே தயாராகிறது. ஆனால் அந்த ஆலை நெதர்லாந்திலிருந்து வருகிற இயந்திரம், ஜப்பானிலிருந்து வருகிற ரசாயனம், அங்கேயே பழகிய பொறியாளர் கை இவை எல்லாம் சேர்ந்தால்தான் ஓடும். படை நுழைந்த மறுநாள் அது வெறும் கட்டிடம். இந்த ஒரு காரணத்துக்காகவே பணக்கார நாடுகளின் மேல் படையெடுப்பது இன்று நஷ்டக் கணக்கு.

ஆனால் நஷ்டம் என்று தெரிந்தால் யாரும் இறங்க மாட்டார்கள் என்பது வியாபாரியின் நினைப்பு. 1914க்கு முன்பு நார்மன் ஏஞ்செல் என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர், வர்த்தகத்தால் பிணைந்த நாடுகளுக்குள் போர் நடந்தால் வென்றவனுக்கும் நஷ்டம்தான் என்று விளக்கமாக எழுதினார். ஐரோப்பா முழுக்க அதைப் படித்தார்கள். அவர் சொன்னது சரி. போரும் வந்தது. ஆட்சியில் இருக்கிறவனுக்குப் பழைய மானம், எல்லைக் கோபம், வரலாற்றுப் பசி என்று வேறு கணக்குகள் இருக்கின்றன. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபோது, வெளிநாடுகளில் வைத்திருந்த அதன் கையிருப்பில் ஏறக்குறைய 300 பில்லியன் டாலர் முடக்கப்பட்டது. அதற்காக அது திரும்பிப் போகவில்லை.

செல்வம் நிலத்துக்கு அடியில் கிடக்கிற நாடுகளுக்கு இந்த மாற்றமெல்லாம் அவ்வளவாகப் பொருந்தாது. எண்ணெய்க் கிணறு நெல் வயல் மாதிரி, பிடித்தவனுக்குச் சொந்தம். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் வந்தது. தலைக்கு வருமானம் பார்த்தால் அன்று உலகின் பெரும் பணக்கார நாடுகளில் ஒன்று குவைத். இரண்டு நாளில் முடிந்துவிட்டது. அதே மாதத்தில் அதைத் தன்னுடைய 19ஆவது மாகாணம் என்று ஈராக் அறிவித்தது.

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் அப்போது குவைத்தில் ஏசி மெக்கானிக். காலையில் வேலைக்குக் கிளம்ப வேன் வரவில்லை, சாலையில் டாங்கி வந்தது என்பார். அவர் சொன்னதில் எனக்கு மறக்காதது பணத்தைப் பற்றியது. ஆறு மாதச் சம்பளத்தைத் தினாராகவே சேர்த்து வைத்திருந்தார், ஊருக்கு வரும்போது நகை வாங்கலாம் என்று. குவைத் தினாரும் ஈராக் தினாரும் இனிச் சமம் என்றார்கள். ஒரே நாளில் மதிப்பு அடிமட்டத்துக்குப் போனது. சில வாரத்தில் குவைத் தினார் செல்லவே செல்லாது என்றும் சொல்லிவிட்டார்கள். அந்த நோட்டுகளில் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஈராக் வழியாகப் பாலைவனம் தாண்டி ஜோர்டான் எல்லையில் கூடாரத்தில் கிடந்து, அம்மானில் விமானம் ஏறினார். ஏர் இந்தியா 59 நாளில் 488 தடவை பறந்து, 1,10,000க்கும் அதிகமானவர்களைக் கொண்டுவந்த அந்த விமானங்களில் ஒன்று. வாழைமர நோட்டுக்கும் இவர் பையிலிருந்த நோட்டுக்கும் இடையில் 48 வருடம்.

குவைத் மீண்டது. எப்படி மீண்டது என்பதில்தான் பாடமே இருக்கிறது. அரசுக் குடும்பம் தப்பி வெளியே போயிருந்தது. அதைவிட முக்கியம், நாட்டின் பணம் முன்பே வெளியே போயிருந்தது. எண்ணெய் விற்ற காசை லண்டனிலும் நியூயார்க்கிலும் பங்குகளாகவும் கட்டிடங்களாகவும் முதலீடு செய்து வைத்திருந்தார்கள். மண் பறிபோன ஏழு மாதமும் அந்தப் பணம்தான் வெளியிலிருந்த அரசாங்கத்தை நடத்தியது, போர்ச் செலவிலும் பெரும்பங்கு கொடுத்தது. கூப்பிட்டவுடன் வருவதற்கு முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இருந்தன, ஏனென்றால் அந்த எண்ணெய் அவர்களுக்கும் வேண்டும். பர்மாவில் நமக்கு இந்த இரண்டுமே இல்லை. சொத்து மண்ணில் சிக்கிக்கொண்டது, காவல்காரன் வீட்டிலேயே தீ.

1991 பிப்ரவரி கடைசியில் ஈராக் படை விரட்டப்பட்டது. போகிறபோது 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்துவிட்டுப் போனது. கடைசித் தீயை அணைக்க நவம்பர் ஆனது. ஈராக் கட்ட வேண்டிய இழப்பீடு 52.4 பில்லியன் டாலர் கட்டி முடிந்தது 2022 ஜனவரியில்தான். அதில் வேலையை விட்டு ஓடிவந்த தொழிலாளர்களுக்கும் பங்கு வைத்தார்கள். தனியாள் விண்ணப்பத்துக்கு 2,500 டாலர் என்பது ஒரு கணக்கு. எங்கள் அண்ணனுக்கு அது பல வருடம் கழித்து வந்தது. ஆச்சி வீட்டோடு ஒப்பிட்டால், வந்ததே பெரிய மாற்றம் என்றுதான் நான் சொல்வேன்.

இந்த இரண்டு பாடத்தையும் ஒழுங்காகப் படித்த நாடு சிங்கப்பூர் என்பது என் எண்ணம். பிரிட்டிஷ் படை கிளம்பப் போகிறது என்று தெரிந்துகொண்டிருந்த 1967லேயே பையன்களுக்குத் தேசிய சேவையைக் கட்டாயமாக்கினார்கள். இன்றும் உண்டு. அங்கே குடியுரிமை வாங்கிய நம் ஊர்க்காரர்களின் பிள்ளைகளும் பதினெட்டு வயதில் துப்பாக்கி தூக்குகிறார்கள். சரணடைந்த பிப்ரவரி 15ஐ வருடாவருடம் முழுமைத் தற்காப்பு நாளாக நினைவுகூர்கிறார்கள். தோற்ற நாளை மறக்காமல் வைத்திருக்கிற பணக்கார நாடுகள் குறைவு. ஐரோப்பாவில் பின்லாந்து அப்படி ஒன்று. கட்டாய ராணுவப் பயிற்சியை அது கைவிடவே இல்லை. உக்ரைனைப் பார்த்துவிட்டு 2023 ஏப்ரலில் நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்தது, அடுத்த வருடம் ஸ்வீடன். மற்றவர்கள் இப்போதுதான் விழித்திருக்கிறார்கள். 2035க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்கும் அது சார்ந்தவற்றுக்கும் ஒதுக்குவோம் என்று 2025இல் நேட்டோ நாடுகள் ஒப்புக்கொண்டன. எஸ்தோனியா, லாட்வியா மாதிரிச் சின்ன நாடுகளுக்குப் பயம் நிஜம். பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் எவனும் டாங்கியில் வந்து இறங்கப் போவதில்லை.

டாங்கி வராமலே அடி விழுகிறது என்பது புதிது. 2019 செப்டம்பர் 14 அன்று சவூதியின் அப்கைக் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் மேல் ட்ரோன்களும் ஏவுகணைகளும் விழுந்தன. நாட்டின் எண்ணெய் உற்பத்தியில் பாதி, நாளொன்றுக்கு 57 லட்சம் பீப்பாய், ஒரே காலையில் நின்றது. பாதுகாப்புக்கு உலகிலேயே அதிகம் செலவழிக்கிற நாடுகளில் ஒன்று அது. ஒரு ட்ரோனுக்கு ஆகிற செலவு ஒரு நல்ல கார் விலை. அதைத் தடுக்கிற ஏவுகணை ஒன்றின் விலை சில மில்லியன் டாலர். இந்தக் கணக்கில் பணக்காரனுக்குத்தான் கை கடிக்கும். 2023 நவம்பரிலிருந்து ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், ஐரோப்பாவுக்குப் போகிற சரக்குக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. பால்டிக் கடலில் எரிவாயுக் குழாயும் மின்கேபிளும் அறுபடுகின்றன, யார் செய்தது என்று நிரூபிக்கவே மாதக்கணக்காகிறது. 2022இல் காரைக்குடி மளிகைக் கடையில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியது ஞாபகம் இருக்கிறதா? நாம் இறக்குமதி செய்கிற சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு உக்ரைனிலிருந்து வந்துகொண்டிருந்தது.

பயங்கரவாதத்துக்கு வருகிறேன். தமிழில் கெட்டிக்கார ஆளை 'எம்டன்' என்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைக் கரையோரம் வந்து கொஞ்ச நேரம் குண்டு வீசி, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அது போர்க்கப்பல்தான், பயங்கரவாதி இல்லை. ஆனால் நடந்தது அதே கணக்கு. சேதம் சின்னது, பயந்து ஊரை விட்டு ஓடியவர்கள் ஆயிரக்கணக்கில், நூறு வருடம் கழித்தும் சொல் நம் வாயில் இருக்கிறது. பயங்கரவாதத்தின் பலம் வெடிமருந்தில் பாதிதான், மீதி நம் பயத்தில்.

2001 செப்டம்பர் 11இல் 19 பேர் சேர்ந்து 2,977 உயிர்களைக் கொன்றார்கள். அந்தச் சதிக்கு ஆன செலவு நாலைந்து லட்சம் டாலர் என்று அமெரிக்க விசாரணைக் குழு கண்டது. அதற்குப் பதிலாக நடந்த போர்களுக்குச் செலவான டிரில்லியன்களையும், ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் போன உயிர்களையும் எண்ணினால், எது பெரிய அடி என்று தெரிந்துவிடும். மாட்ரிட், லண்டன், பாரிஸ் எல்லாம் அடி வாங்கின. எந்த நாடும் கவிழவில்லை. 2024இல் பயங்கரவாதச் சாவுகளில் பாதிக்கு மேல் நடந்தது ஆப்பிரிக்காவில் புர்கினா பாசோ, மாலி, நைஜர் இருக்கிற சஹேல் பக்கம். உலகின் பரம ஏழைகளின் நாடுகள் அவை. இலங்கையில் 2019 ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் 250க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சுற்றுலா முடங்கியது, மூன்று வருடத்தில் இலங்கை கடன் கட்ட முடியாமல் நின்றது. வேறு காரணங்களும் உண்டு, இருந்தாலும் அடிமேல் அடி. செல்வம் குண்டைத் தடுப்பதில்லை. குண்டுக்குப் பிறகு எழுந்து நிற்க உதவுகிறது. 2023 அக்டோபர் 7 அன்று உளவுக்குப் பேர்போன, வசதியான இஸ்ரேலுக்குள் ஹமாஸ் நுழைந்து சுமார் 1,200 பேரைக் கொன்றது. பதிலுக்கு நடந்ததில் காசாவில் இறந்தவர்கள் பல பத்தாயிரம். அதில் குழந்தைகள் எத்தனை என்று பார்க்கும்போது எனக்கு அதற்கு மேல் எழுத வரவில்லை.

ஆகவே ஆச்சிக்கு நான் சொல்லக்கூடியது இது. பணக்கார நாடுகள் மொத்தமாக விழுங்கப்படுவது இன்று மிக அரிது. பெரிய அண்டைநாட்டின் பக்கத்தில் இருக்கிற, செல்வத்தை மண்ணுக்கடியில் வைத்திருக்கிற சின்ன நாட்டுக்கு மட்டும் அந்தப் பயம் தீரவில்லை. சிதறி விழுகிற அடி எல்லோருக்கும் உண்டு. அந்த அடி யார் மேல் விழுகிறது என்று பார்த்தால், அபுதாபி பற்றிய ஒரு செய்தி போதும். 2022 ஜனவரி 17 அன்று ஹூதிகளின் தாக்குதலில் முசாஃபா பகுதியில் எரிபொருள் லாரிகள் வெடித்தன. செத்தவர்கள் மூன்று பேர். இரண்டு இந்தியர், ஒரு பாகிஸ்தானி. அந்த நாட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை. ஊருக்கு நன்மை செய்ய வந்தவன் மேல்தான் முதல் கல் விழுகிறது. நாடுகளின் பாதுகாப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த மூன்று பேரை அந்த நாட்டின் கணக்கில் சேர்ப்பதில்லை, நம் நாட்டின் கணக்கிலும் சேர்ப்பதில்லை.

பேரன் கிளம்புகிற அன்று சாயங்காலம் குவைத் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பயமுறுத்தவில்லை. நல்ல ஊர், நல்லா இரு என்றார். அப்புறம் விரல் மடக்கிச் சொன்னார்: "தம்பி, சம்பளம் வந்த மறுநாளே ஊருக்கு அனுப்பிடு, அங்க சேர்த்து வைக்காத. பாஸ்போர்ட்டை உன் கையிலேயே வச்சுக்க, ஒரு நகலை அப்பத்தாகிட்ட குடுத்துட்டுப் போ. போய் இறங்குன வாரமே தூதரகத்துல பேரைப் பதிஞ்சுரு."

பையன் போனில் குறித்துக்கொண்டான். ஆச்சி நகல் எங்கே என்று கேட்டு, கையை நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் கானாடுகாத்தானில் ஜெராக்ஸ் கடை ஏதும் திறந்திருக்கவில்லை. திருச்சி போகிற காரை, பள்ளத்தூரில் ஒரு கடை வாசலில் நிறுத்தி நகல் எடுத்து, என்னிடம் கொடுத்து அனுப்பினான்.